கூற்றும் கேட்போரும்: பிரசங்க பீடத்தில் வேதவாக்கியம்

(விக்ரோலியில் தமிழ்க் கிறிஸ்தவ மக்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



தாமிரபரணிக் கரையிலும் தேரிக்காட்டு ஊர்களிலும் பிறந்து, பிழைப்பு நாடித் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இவ்விக்ரோலிக்கும் வந்து சேர்ந்து, ஒரு தலைமுறை முழுவதும் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்து, அடுத்த தலைமுறையைக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் அமர்த்தியிருக்கும் ஒரு சமூகத்தின் முன்னிலையில், வேதாகமத்தைச் சபைக்கு எடுத்துரைக்கும் முறையைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வறக்கட்டளையார் பணித்தபோது, அதனை மகிழ்ச்சியோடும் ஓரளவு அச்சத்தோடும் ஏற்றுக்கொண்டேன். இப்பொருளில் உண்மையான சிரத்தையுள்ளவர்கள் கேட்க வந்திருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குக் காரணம். போதகராக நிற்போர் மற்றவரினும் கடுமையான நியாயத்தீர்ப்புக்கு உட்படுவர் என்று யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரித்திருப்பது அச்சத்துக்குக் காரணம்.

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715-ஆம் ஆண்டில் அச்சிட்டு முடித்தார். அவருக்குப்பின் சூல்ட்சும், பெப்ரீஷியசும், ரேனியசும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவலும், 1871-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிற திருப்புதலை நடத்திய ஹென்றி பவரும் அப்பணியைத் தொடர்ந்தார்கள். வேதத்தைத் தமிழன் கையில் கொடுப்பது எப்படி என்ற வினாவுக்கு இவ்வாறு மூன்று நூற்றாண்டுகளாக விடை கிடைத்து வந்திருக்கிறது. கையிலுள்ள வேதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, ‘இது உனக்குச் சொல்லப்பட்டது’ என்று இன்னொருவனிடம் கூறும் அதிகாரம் யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையோடு உண்டு என்ற வினாவோ இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் நம் ஆலயங்களில் நடைபெறும் புதுவருட ஆராதனையில், தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்ட வாக்குத்தத்த அட்டைகளிலிருந்து ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, அதில் அச்சாகியுள்ள வசனத்தை அவ்வாண்டு முழுவதற்கும் தமக்குரிய தேவவாக்காகக் கொள்கிறார்கள். அவ்வழக்கத்தைப் பரிகசிக்க நான் வரவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒரு தாய், தலையணையின் கீழ் வைத்திருக்கும் அந்த அட்டையிலிருந்து பெறும் ஆறுதலை ஆராய்ச்சியாளன் தட்டிப் பறிக்கலாகாது. ஆனால் தனக்காக வாசிப்பவனும் பிறருக்காக உரைப்பவனும் ஒரே நிலையில் நிற்பவர்கள் அல்லர். முன்னவனுக்குள்ள சுதந்தரம் பின்னவனுக்கு இல்லை. பிரசங்க பீடத்தில் ஏறியவன், வகுப்பில் பிள்ளைகள் முன் நின்றவன், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வசனத்தை விளக்குகிறவன் ஆகியோரைப் பற்றியதே இவ்வுரை.

அவர்களுக்குரிய ஒழுக்கத்தை நாம் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்குரிய உறுப்புக்களை அடுக்கிச் செல்கையில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் கூறுகிறார். அகப்பாட்டொன்றைப் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணாக்கன், பேசுபவள் தலைவியா தோழியா, கேட்பவர் யார், இடம் எது, பொழுது எது, அப்பேச்சினால் விளையக் கருதியது யாது என்று அறிந்த பின்னரே பொருள் சொல்லத் துணிகிறான். குறுந்தொகைப் பாட்டுக்களின் அடியில் இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்ற குறிப்பு நிற்பதும் இதற்காகவே. அக்குறிப்பைப் புறக்கணித்துத் தோழியின் பேச்சைத் தலைவியின் வாயிலும் பரத்தையின் பேச்சைத் தோழியின் வாயிலும் ஏற்றி உரைப்பவனை எந்தத் தமிழாசிரியரும் மன்னிக்கமாட்டார். நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டின் அடிகளை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள் கண்டபோது, அத்துணைப் பெரிய உரையாசிரியரோடும் மாறுபட்டு, பாட்டை அது நின்ற நிலையிலேயே படிக்கவேண்டுமென மறைமலையடிகள் 1903-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியுரையே எழுதினார். முல்லைப்பாட்டுக்கு நாம் காட்டும் இந்த நியாயத்தை எரேமியாவுக்கும் பவுலுக்கும் காட்ட வேண்டும். கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றை வினவி அறியாத எந்த வாக்கியத்தையும் சபைக்கு உரைக்கப் பிரசங்கிக்கு உரிமையில்லை. இதுவே நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

1. கூற்று

தமிழ்க் கிறிஸ்தவரின் கடைகளிலும் புதுமனை வாயில்களிலும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் வசனங்களில், தொடக்கம் அற்பமாயினும் முடிவு நிறைவாகும் என்னும் கருத்துடைய யோபு 8:7 தலையாயது. சிறு முதலில் பெட்டிக்கடை வைத்தவனுக்கும், ஓர் அறைக் குடியிருப்பிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகிறவனுக்கும் இதைவிடப் பொருத்தமான வாக்கியம் தோன்றாது. ஆனால் அதனைச் சொன்னவன் யார்? சூகியனான பில்தாத். யாரிடம் சொன்னான்? ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் ஒரே நாளில் வீடு இடிந்து மாண்டுபோக, உடலெங்கும் புண்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த தகப்பனிடம் சொன்னான். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால் அவன் சொன்னது இன்னது என்பதை நம் சுவர்ப் பலகைகள் எழுதுவதில்லை: உன் பிள்ளைகள் தேவனுக்கு விரோதமாகப் பாவம் செய்திருப்பார்கள், அதன் பலனை அடைந்தார்கள் என்பது அவன் வாதம். நீ குற்றமற்றவனாயிருந்தால் செழிப்பாய், செழிக்கவில்லையாதலால் குற்றவாளி என்ற தர்க்கத்தின் ஒரு கண்ணியே நாம் மாட்டிவைத்திருக்கும் வாக்கியம்.

தேமானியனான எலிப்பாசின் பேச்சும் இவ்வாறே ஆளப்படுகிறது. நீ தீர்மானிக்கும் காரியம் நிலைபெறும் என்ற பொருள்பட 22-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் அவன் சொல்வதை, விசுவாசி வாயினால் அறிக்கையிட்டதெல்லாம் நடந்தேறும் என்பதற்குப் பிரமாணமாகக் காட்டுகிற பிரசங்கங்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதே அதிகாரத்தின் முற்பகுதியில் எலிப்பாஸ், யோபு விதவைகளை வெறுங்கையோடு அனுப்பியதாகவும் பசித்தவனுக்கு அன்னம் மறுத்ததாகவும் பொய்க்குற்றம் சாட்டுகிறான். நூலின் முடிவில், 42-ஆம் அதிகாரத்தில், எலிப்பாசும் அவன் தோழர் இருவரும் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கர்த்தரே தீர்ப்பளிக்கிறார். கர்த்தர் கடிந்துகொண்டவனின் வாக்கைக் கர்த்தருடைய வாக்காக மேடையில் நின்று கூறுவதைவிடப் பெரிய பிழை பிரசங்கத்தில் நேர இயலுமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. நண்பர்கள் பேசியதெல்லாம் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. யோபு 5-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் பேசிய ஒரு வாக்கியத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் எடுத்தாளுகிறார். பில்தாத் கூறியவாறே யோபின் பின்னிலைமை முன்னிலைமையிலும் மேன்மை அடைந்ததென்று நூலின் கடைசி அதிகாரமும் சாட்சி பகர்கிறது. ஆனால் அம்மேன்மை பில்தாத் காட்டிய வழியில் வரவில்லை. யோபு தன் பாவத்தை ஒப்புக்கொண்டதற்குக் கூலியாக அது வாய்க்கவில்லை. தன்னைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களுக்காக அவன் வேண்டுதல் செய்தபோது அவன் சிறையிருப்பு மாறிற்று. ஆகவே அப்பலகையைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதுமனை புகுவிழாவில் அவ்வசனத்தைப் பேசத் துணியும் குருவானவர், பில்தாத்தையும், அந்தப் பத்துப் பிள்ளைகளையும், பகைத்தவருக்காக மன்றாடிய யோபையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவ்வாறு சொன்னால், அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவள் மனம் புண்படாது.

கூற்றை மறந்ததனால் உலகம் அடைந்த கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் கானானைச் சபித்தவன் திராட்சமதுவின் வெறி தெளிந்து எழுந்த நோவா. தேவன் அச்சாபத்தைச் சொன்னதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. சாபம் கானானின் தகப்பனாகிய காமின்மீதும் விழவில்லை. அப்படியிருந்தும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற காலத்தில், அதனைத் தேவ ஆணையென்று கூறி நியாயப்படுத்திய பிரசங்கிகள் இருந்தார்கள்.

2. கேட்போர்

உங்களுக்காகத் தாம் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவையல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் உரைப்பதாக அமைந்த எரேமியா 29:11, வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாகக் காணப்படுவது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ள இவ்வாக்கியத்துக்கு முதற் கேட்போர் இருந்தார்கள். கி.மு. 597-இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யெகோனியா ராஜாவையும் பிரபுக்களையும் கொண்டுபோனபோது, தச்சரையும் கொல்லரையும் தேர்ந்து கொண்டுபோனான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 24-ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது. எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனமும் அதையே நினைவூட்டுகிறது. ஊரில் எஞ்சியவர்கள் ஏழைகள். அந்நிய நகரத்துக்குப் பெயர்க்கப்பட்டவர்கள் கைத்தொழில் அறிந்தவர்கள். சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலுக்காக லட்சக்கணக்கான வாக்குப்பெட்டிகளைச் செய்து கொடுத்த கோத்ரெஜ் தொழிற்சாலை எழுந்த இந்த விக்ரோலியில், கடைசலும் பற்றவைப்பும் கற்று வாழ்ந்த குடும்பங்களின் நடுவில் நின்று அவ்விரண்டாம் வசனத்தை வாசிக்கும்போது, அதனை ஒரு பெயர்ப்பட்டியலென்று கடந்துசெல்ல எனக்கு மனம் வரவில்லை.

இக்கடிதத்துக்கு முந்திய 28-ஆம் அதிகாரம் கூறுவதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளுக்குள் சிறைப்பட்டோர் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஆசாரியர் முன்னும் சகல ஜனங்கள் முன்னும் முழங்கினான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்றான். எழுபது ஆண்டுகள் என்றால், அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட தச்சனும் கொல்லனும் பாபிலோனிலேயே கண்ணை மூடுவார்கள் என்று பொருள். திரும்புகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களுமே. இந்தக் கசப்பான செய்தியைச் சொன்ன பிறகுதான், அதனை ஒட்டிய வாக்கியமாக, சமாதானத்துக்கான நினைவுகள் என்ற ஆறுதல் வருகிறது. ஆகவே இவ்வாண்டிலேயே வேலை உயரும், விசா கிடைக்கும், வழக்கு வெற்றியாகும் என்பதற்கு அவ்வசனத்தை ஈடு வைக்கும் பிரசங்கி, எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறான்.

கடிதத்தின் பெரும்பகுதி ஆறுதல்கூட அல்ல, கட்டளை. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து அங்கே பெருகுங்கள், உங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிற அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக மன்றாடுங்கள், ஏனெனில் அதன் சமாதானத்திலே உங்கள் சமாதானம் அடங்கியிருக்கிறது என்பது ஏழாம் வசனம் வரையுள்ள கருத்து. பகைவனுடைய தலைநகரத்துக்காக ஜெபிக்கச் சொன்ன இத்தகைய வாக்கு அக்காலத்தில் எத்துணைத் திகைப்பை உண்டாக்கியிருக்கும் என்பதற்குச் சான்று, பாபிலோனிலிருந்த செமாயா, எரேமியாவை அடக்கி வையுங்கள் என்று எருசலேமுக்கு எழுதிய எதிர்க்கடிதமே. அதுவும் அவ்வதிகாரத்திலேயே இருக்கிறது.

இனி, நாமோ யூதர் அல்லோம். எந்த அரசனும் நம்மைச் சிறைப்பிடித்து விக்டோரியா டெர்மினஸில் இறக்கிவிடவில்லை. உணவும் மானமும் நாடி நாமாகவே வந்தோம். இந்த வேற்றுமையைச் சபையினிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் ஒற்றுமையைக் கூறவேண்டும். சொன்ன பிறகு ஒற்றுமையும் பொய்யாகாது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அடுத்த ஆண்டு திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டே ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவர்களும், மராத்தியும் இந்தியும் பேசி வளர்ந்து, தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பேரப்பிள்ளைகளும் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கும் சபை இது. 1966-ஆம் ஆண்டுக்குப் பிறகு தென்னாட்டார்மீது கல்லெறிந்த நாட்களையும், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகரம் எரிந்த நாட்களையும் கண்டவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு, ‘இந்நகரத்தின் சமாதானத்தைத் தேடு’ என்ற கட்டளை, கேட்பதற்குக் கடினமானதாகவும் மெய்யானதாகவும் விளங்கும். பதினோராம் வசனத்தை மட்டும் அட்டையில் வெட்டியெடுத்த நாம், நமக்கு மிகவும் வேண்டியிருந்த ஏழாம் வசனத்தை வாசிக்காமல் விட்டோம்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அக்கடிதம் பிறருக்கு எழுதப்பட்டதாயின் நாம் அதனை வாசிப்பானேன்? அகப்பொருள் மரபிலே சிறைப்புறம் என்றொரு நிலை உண்டு. தலைவி தோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். பேச்சு தோழியை விளித்ததாயினும், அவன் கேட்கவேண்டும் என்பது அவள் உள்ளக் கருத்து. தான் சிறைப்புறத்தான் என்று அறிந்த தலைவன், தன்னை அவள் நேரே விளித்ததாக மயங்கமாட்டான். தனக்கு அதில் தொடர்பில்லையென்று அகலவும் மாட்டான். வேதத்தை வாசிக்கும் திருச்சபையின் நிலை இதுவே என்று நான் கருதுகிறேன். முன் எழுதப்பட்டவை நம்முடைய போதனைக்காகவே எழுதப்பட்டன என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது, இஸ்ரவேலுக்குச் சொன்னதை வேலிக்கு இப்புறம் நிற்கும் நாமும் கேட்கவேண்டுமென்பது ஆண்டவரின் சித்தம் என்றே அறிவிக்கிறார். தோழியைத் தள்ளிவிட்டு அவள் இடத்தில் நாம் போய் நின்றுகொள்வதுதான் தவறு.

3. களனும் காலமும்

இவ்விரண்டையும் சேர்த்துச் சுருக்கமாகவே கூறுவேன். சந்தர்ப்பத்தை ஆராய்வதனால் வேதத்தின் கூர்மை மழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் பலர். என் அனுபவம் இதற்கு மாறானது.

யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது ஆத்துமாவைப் பற்றிய பேச்சு, பந்திக்கும் இருக்கைக்கும் அது பொருந்தாது என்று நம் திருச்சபையிலே ஒரு காலத்தில் வாதிட்டார்கள். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றிலும் விட்டொழிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதனை எதிர்த்துச் சபையைவிட்டு விலகியவர்கள் உண்டு. நான் பெரிதும் மதிக்கும் வேதநாயக சாஸ்திரியார்கூடச் சாதியாசாரத்துக்குச் சார்பாக எழுதினார். ஆனால் அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தால் களன் தெளிவாகும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்து, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் எழுந்து விலகிக்கொண்டான். அதற்காகப் பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்தான். யார் யாரோடு உண்பது என்ற சச்சரவிலிருந்தே அந்த மூன்றாம் அதிகார வாக்கியம் பிறந்தது. பந்திக்குப் பொருந்தாது என்று சொல்லப்பட்ட வசனத்தின் களனே பந்திதான்.

தசமபாகத்தைப் பற்றிய பேச்சிலும் இவ்வாறே. மல்கியா 3:10-ஐக் கூறிக் காணிக்கை கேட்கும் எத்தனையோ பேர், அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை வாசிப்பதில்லை. கூலிக்காரன் கூலியைப் பறிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசியின் நியாயத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் தாமே சாட்சியாக வருவதாக அங்கே எழுதியிருக்கிறது. பத்தாம் வசனத்தில் சொல்லப்படும் பண்டசாலை, தானியம் சேர்த்து வைத்த களஞ்சியம். அக்காலத்தில் லேவியர் பங்கு கிடைக்காமல் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. மூன்றாம் வருடத்துத் தசமபாகமோ, உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வாசலண்டை வந்து புசித்துத் திருப்தியடைவதற்காகவே ஒதுக்கப்பட்டது. வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு விதவையின் சம்பளத்தில் பத்தில் ஒன்றை, கொடாவிட்டால் சாபம் என்று மிரட்டி வாங்குகிறவர், எந்தப் பிரமாணத்தின் பெயரால் வாங்குகிறாரோ அப்பிரமாணப்படி அவளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

4. பயன்

மூத்த சபைப்பிதாவாகிய அகஸ்தீன், கிறிஸ்தவ போதனையைப் பற்றி எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து 426-ஆம் ஆண்டையொட்டி முடித்த நூலில், தேவனிடத்திலும் அயலானிடத்திலும் அன்பை வளர்க்காத எந்த விளக்கமும் வேதத்தை அறிந்த விளக்கமாகாது என்று ஒரு விதியை வகுத்தார். ஒரு வியாக்கியானம் சரியா என்று காண்பதற்கு, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று வினவவேண்டும் என்பதே அதன் உட்பொருளாக எனக்குப் படுகிறது.

விசுவாசமிருந்தால் வியாதியில்லை என்ற உபதேசத்தைக் கேட்டுச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையையும் இருதய நோய்க்கான மருந்தையும் நிறுத்தியவர்களை நான் அறிவேன். பிழைக்காதவருடைய குடும்பத்தாருக்கு மரணத்தின் துயரத்தோடு விசுவாசக் குறைவு என்ற பழியும் வந்து சேர்கிறது. பில்தாத் செய்ததும் இதுவே. ஏசாயா 53-ஐ இவ்வுபதேசத்துக்குச் சாட்சியாக அழைப்பவர்கள், பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்றுதரம் வேண்டியும் அது நீங்காததையும், தீமோத்தேயுவின் அடிக்கடி நேரிடும் பலவீனங்களுக்காக அவனுக்கு அக்காலத்து மருந்தாகச் சிறிது திராட்சரசம் சொல்லப்பட்டதையும், துரோப்பீமு மிலேத்துவில் வியாதியாய் விடப்பட்டதையும் சபைக்கு வாசித்துக் காட்டவேண்டும். துரோப்பீமுவுக்கு விசுவாசமில்லை என்று அதைக் கூறும் நிருபம் சொல்லவில்லை. நோயாளிக்காக ஜெபிப்பது திருச்சபையின் கடமை. நோய்க்கு அவனையே குற்றவாளியாக்குவது எந்த ஊழியக்காரனுக்கும் கொடுக்கப்படாத அதிகாரம். பிறவிக்குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமா பெற்றவர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்ட வினாவையே ஆண்டவர் ஏற்கவில்லை.

பெண்கள் சபையில் பேசலாகாது என்று 1 கொரிந்தியர் 14-ஐக் காட்டுவோர், அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையிலே ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொண்டு பேசுவதைப் பார்க்கவேண்டும் என்பதோடு இதனை நிறுத்துகிறேன். இங்கே வந்திருக்கும் ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பேசாவிட்டால் நம் பிள்ளைகள் வேதத்தை யாரிடம் கற்றிருப்பார்கள்?

5. ஓர் எதிர்வாதம்

படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது. எகிப்திலிருந்து தம் குமாரனை வரவழைத்ததாகக் கர்த்தர் ஓசியா 11-ஆம் அதிகாரத்தில் கூறுவது இஸ்ரவேலரின் விடுதலையைப் பற்றியது. மத்தேயுவோ அதனைக் குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதற்கு எடுத்தாளுகிறார். சுவிசேஷகனே சந்தர்ப்பத்தை விட்டு எடுத்தான் என்றால், நாம் எடுப்பதில் பிழை என்ன என்று கேட்கிறார்கள்.

மத்தேயு ஓசியாவின் களனை மறைக்கவில்லை. அதன்மேல்தான் அவர் கட்டுகிறார். எகிப்து, தண்ணீரைக் கடந்துசெல்லுதல், வனாந்தரத்தில் சோதனை, மலையின்மேல் பிரமாணம் என்று இஸ்ரவேலின் வரலாறு முழுவதையும் அவர் இயேசுவின் வாழ்க்கையில் மறுபடியும் நடக்கக் காண்கிறார். பழைய கதையை அறியாதவனுக்கு அவர் எழுதியதன் பொருள் விளங்காது. அவர் முதற் கேட்போரை அழிக்கவில்லை; அவர்களை உடன் அழைத்துக்கொண்டு வருகிறார். நம்முடைய பிரசங்கிகளும் அவ்வாறு செய்வார்களாயின் எனக்கு அவர்களோடு வழக்கில்லை.

6. செய்யவேண்டியவை

எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர்களே பிரசங்கிக்கலாம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு விதித்திருந்தால் திருநெல்வேலிச் சீமையிலே உபதேசிமார் வளர்த்த சபைகள் ஒன்றும் தோன்றியிரா. எனினும் கற்க இயன்றவர் கற்கவேண்டும் என்பதற்கு இந்த மகாராஷ்டிர மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பண்டித ரமாபாய், கேட்காவ் என்னும் சிற்றூரில் ஆதரவற்ற பெண்களைப் பேணிக்கொண்டே எபிரெயமும் கிரேக்கமும் பயின்று, கல்வி குறைந்த பெண்களும் விளங்கிக்கொள்ளும்படியான எளிய மராத்தியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்தார். 1922-இல் அவர் காலமானார்; 1924-இல் நூல் வெளிவந்தது. விதவைகளுக்குச் சோறும் தொழிலும் கொடுத்த அதே கைகள் இலக்கணப் புத்தகத்தையும் விடாமல் பிடித்திருந்தன என்பதை, ஊழியம் மிகுதி, படிக்க நேரமில்லை என்று கூறும் நம் இளங்குருமார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சபையாருக்கும் பொறுப்புண்டு. பவுல் பேசியதையே, காரியங்கள் அப்படியிருக்கிறதா என்று பெரோயா ஊரார் தினந்தோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலருடைய நடபடிகள் அவர்களைக் குணசாலிகளென்று புகழ்கிறது. அப்போஸ்தலனையே சோதித்துப் பார்த்தவர்கள் புகழப்படுவார்களாயின், ஞாயிறு பிரசங்கத்தைப் பற்றி ஒரு வினா கேட்கும் வாலிபனை அவிசுவாசியென்று அடக்குவது நியாயமாகாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆராதனைக்குப்பின் அரைமணி நேரம் பிரசங்கியும் சபையாரும் உட்கார்ந்து, அன்றைய வேதபாகத்தைப் பற்றி வினவவும் விடையளிக்கவும் இடம் செய்யலாம். வினா விடை என்பதை உரைக்குரிய உறுப்புக்களில் சேர்த்துச் சொன்னவர் நன்னூலார்.

வாக்குத்தத்த அட்டைகளைக் குறித்து என் வேண்டுகோள் ஒன்றே. அட்டையின் முன்புறம் வசனம் இருக்கட்டும். பின்புறத்தில் அதனைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த அதிகாரத்தை முழுதும் வாசிக்கவேண்டும் என்ற மூன்று வரிகளைச் சேர்த்து அச்சிடுங்கள். செலவு ஏறக்குறைய அதுவேதான். யோபின் புத்தகம் 42 அதிகாரம். கண்ணம்வார் நகரிலும் டாகோர் நகரிலும் வாரந்தோறும் கூடும் வீட்டு ஜெபக்கூட்டங்கள், வாரத்துக்கு ஓர் அதிகாரமாக எடுத்துக்கொண்டால், பண்டிகை வாரங்களை நீக்கியும் ஓராண்டுக்குள் அதனை முடித்துவிடலாம். நண்பர்களின் பேச்சை ஒருவரும் யோபின் பேச்சை மற்றொருவரும் வாசிக்கும்படி பிரித்துக்கொண்டால் கூற்று தானே விளங்கும். அவ்வாசிப்புக்குரிய குறிப்புக்களை எழுதிக் கொடுக்க நான் இசைந்திருக்கிறேன். முதற் பத்து அதிகாரங்களுக்கானவற்றை ஓய்வுநாட் பாடசாலைச் செயலாளரிடம் இன்றே ஒப்படைத்துச் செல்கிறேன்.